பாட்டு ஆப்பின் வரித்திரை: இத்தாலியப் பாட்டும் அதன் ஸ்பானிஷ் பதிப்பும் வைத்து ஒரு சோதனை

பாட்டு ஓட ஓட வரிகளும் கூடவே ஓடும் திரை இப்போது பெரும்பாலான பாட்டு ஆப்களில் இருக்கிறது. சிலவற்றில் அந்த வரிகளை நமக்கு வேண்டிய மொழியில் மாற்றிக் காட்டும் பொத்தானும் உண்டு. இந்த மதிப்புரை குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தைப் பற்றியதல்ல, அந்த வசதியைப் பற்றியது. அதையும் ஒரே ஒரு வேலைக்கு வைத்துத்தான் எடைபோடுகிறோம். இத்தாலியப் பாட்டு ஒன்று ஸ்பானிஷுக்குப் போகும்போது பொருள் எந்த இடத்தில் மாறுகிறது, அதை மாற்றியது மெட்டா, எழுதியவரா என்று அந்த இரண்டு மொழியும் தெரியாத ஒரு தமிழர் இதை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழக-கேரள எல்லையில், வாளையாரிலிருந்து கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வரை இருக்கிறவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. கானமேளா, பஜனைக் குழு, தேவாலயப் பாடகர் குழு, பள்ளி ஆண்டுவிழா என்று மலையாள மெட்டுக்குத் தமிழ் வரி போடும் வேலை இங்கே யாராவது ஒருவருக்கு எப்போதும் இருக்கும். எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-இல் பிறந்த எலப்புள்ளி இந்த வட்டாரம்தான். தமிழும் மலையாளமும் போல இத்தாலியமும் ஸ்பானிஷும் கூடப்பிறந்த மொழிகள். பாதிச் சொல் காதிலேயே புரியும், புரிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் தவறும். லாரா பௌசினி, ஏரோஸ் ராமசோத்தி, டிசியானோ ஃபெர்ரோ, நெக் போன்ற இத்தாலியப் பாடகர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே ஸ்பானிஷிலும் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். மெட்டு ஒன்று, குரல் ஒன்று, வரி மட்டும் வேறு. மெட்டுக்கு எழுதப் பழக இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறோம். மூல மொழி வரியைப் பார்க்கவும், அது பாட்டில் எந்த இடத்தில் வருகிறது என்று பிடிக்கவும் வரித்திரை மிக நன்றாக உதவுகிறது. அதில் வரும் தமிழ்ப் பெயர்ப்பை நம்பி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

முதலில் சோடியைப் பிடிக்க வேண்டும். இத்தாலியத் தலைப்பைத் தேடினால் ஸ்பானிஷ் பதிப்பு பெரும்பாலும் வராது. அது வேறு தலைப்பில் வேறு தொகுப்பில் இருக்கும், ஸ்பானிஷ் தலைப்பையே கொடுத்துத் தேடுங்கள். இரண்டு பதிவின் நீளமும் சில விநாடி வித்தியாசத்துக்குள் இருந்தால் பின்னணி இசை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு நிமிடம் கூடக்குறைய இருந்தால் அது மேடைப் பதிவாகவோ பின்னால் மறுபடி பாடியதாகவோ இருக்கலாம். அதை ஒதுக்கிவிடுங்கள், அதில் தாளமும் மூச்சும் வேறு.

சோடி கிடைத்ததும் திரையைத் திறக்காமல் இரண்டு முறை கேட்டு, பல்லவிக்குத் தத்தகாரம் எழுதுங்கள். நீட்டிப் பிடிக்கும் சுரத்துக்கு ‘தா’, தட்டிவிட்டுப் போகும் சுரத்துக்கு ‘த’. அதன் கீழே இத்தாலிய வரி, அதன் கீழே ஸ்பானிஷ் வரி. நான்கு வரி போதும், முழுப் பாட்டும் வேண்டாம். இங்கே அசை என்று சொல்வது யாப்பின் நேரசை நிரையசைக் கணக்கு அல்ல. ஒரு சுரத்தில் ஓர் ஒலி என்று பாடகர் எண்ணும் கணக்கு.

எண்ணும்போது ஒரு விதி. இத்தாலியத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு சொல் உயிரெழுத்தில் முடிந்து அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் பாடும்போது இரண்டும் ஒரே சுரத்தில் கலந்துவிடும். ‘உன்னோடு’ என்பதும் ‘இருப்பேன்’ என்பதும் சேர்ந்து ‘உன்னோடிருப்பேன்’ ஆகும்போது நமக்கு ஓர் அசை குறைகிறதே, அதேதான். ஆனால் திரையில் சொற்கள் பிரித்தே அச்சாகியிருக்கும். கண்ணால் எண்ணினால் கணக்கு தப்பும், காதால் எண்ண வேண்டும். நெக் 1997-இல் பாடிய ‘லாவ்ரா நோன் சே’ ஸ்பானிஷில் ‘லாவ்ரா நோ எஸ்தா’ ஆனது. கண்ணுக்கு ஓர் அசை கூடுதலாகத் தெரியும். ‘நோ எஸ்’ ஒரே சுரத்தில் போவதால் இரண்டும் நான்கசைதான், பொருளும் அப்படியே: லாவ்ரா இல்லை. எல்லாச் சோடியும் இப்படி அமைந்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

அமையாத சோடிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆந்திரேயா பொச்செல்லி 1995-இல் இத்தாலியின் சான்ரெமோ பாட்டுப் போட்டி விழாவில் பாடிய ‘கோன் தே பார்திரோ’. பொருள்: உன்னோடு புறப்படுவேன். ஐந்தசை. இரண்டாவது அசை நீண்டு நிற்கும், ஐந்தாவது அசையில் அழுத்தம் விழுந்து மறுபடி நீளும். இதையே ஸ்பானிஷில் நேராகச் சொன்னால் ‘கோந்தீகோ பார்திரே’, ஆறசை. ‘உன்னோடு’ என்பதற்கு இத்தாலியத்தில் இரண்டு ஓரசைச் சொற்கள் இருக்க, ஸ்பானிஷில் மூன்றசை கொண்ட ஒரே சொல்தான் இருக்கிறது. அந்த ஓர் அசைக்கு மெட்டில் இடமில்லை. ஸ்பானிஷ் பதிப்பு ‘போர் தி வோலாரே’ என்று ஆனது: உனக்காகப் பறப்பேன். ஐந்தசை, நீளமும் அழுத்தமும் அதே இடங்களில்.

இதோடு நின்றிருந்தால் சிறிய மாற்றம். ஆனால் ‘உன்னோடு’ போய் ‘உனக்காக’ வந்ததும் அடுத்த வரிகளும் நகர்ந்துவிட்டன. இத்தாலியத்தில் இருவரும் சேர்ந்தே, இதுவரை பார்த்திராத நாடுகளுக்குக் கப்பலில் போகிறார்கள். ஸ்பானிஷில் அவள் தொலைவில் இருக்கிறாள். ‘காத்திரு, வந்துவிடுவேன், என் பயணம் முடியும் இடம் நீதான்’ என்கிறான். கப்பல் போய் வானமும் கடலும் வந்துவிட்டன. கூடப் போகிறவனின் பாட்டு, வந்து சேரப்போகிறவனின் பாட்டாகிவிட்டது. 1996-இல் சாரா பிரைட்மனோடு சேர்ந்து பாடியபோது வைத்த ஆங்கிலத் தலைப்போ விடைபெறும் நேரம் என்று சொன்னது. உங்கள் திரையில் தமிழில் ‘விடைபெறும் நேரம்’ என்று வந்தால் அது இத்தாலிய வரியிலிருந்து வரவில்லை, அந்த ஆங்கிலத் தலைப்பிலிருந்து வந்தது. மூலத்தில் விடைபெறுதலே இல்லை.

இதே இடத்தில் தமிழை வைத்துப் பாருங்கள். ‘உன்னுடன் செல்வேன்’ ஐந்தசை, பொருளும் சரி. ஆனால் இரண்டாவது அசை ‘னு’, குறில். நீட்டிப் பிடிக்க வேண்டிய சுரத்தில் குறில் விழுந்தால் பாடகர் அதை ‘உன்னூடன்’ என்று இழுத்தாக வேண்டும், சொல் கெட்டுவிடும். ‘உன்னோடு செல்வேன்’ என்று மாற்றினால் இரண்டாவது இடத்தில் ‘னோ’, ஐந்தாவது இடத்தில் ‘வேன்’. இரண்டும் நெடில். மெட்டும் நிற்கிறது, இத்தாலியப் பொருளும் நிற்கிறது. ஸ்பானிஷ் கைவிட வேண்டியிருந்ததைத் தமிழ் காப்பாற்றும் இடம் இது. ஸ்பானிஷ் பொருளை ஒட்டியே வேண்டும் என்றாலும் ‘உன்னால் பறப்பேன்’ அப்படியே உட்காரும். நம் தன்மை எதிர்கால வினை ‘வேன்’, ‘பேன்’ என்று நெடிலில் முடிவது, நீட்டி முடிக்கும் மெட்டுக்கு இயல்பாகவே கிடைத்த வசதி. அசையை மட்டும் எண்ணினால் போதாது என்று சொல்வது இதனால்தான். இந்த நெடில் குறில் வேறுபாட்டை எந்த வரித்திரையும் காட்டாது. ஒரு வரி எப்போது தொடங்குகிறது என்று காட்டும், அதற்குள் எந்த எழுத்து நீள்கிறது என்று பெரும்பாலும் காட்டாது. தத்தகாரத்தை நீங்களே எழுதியாக வேண்டும்.

அடுத்த சோடி இந்தச் சோதனையிலேயே முக்கியமானது. 1971 சான்ரெமோவில் இரண்டாம் இடம் பெற்ற ‘கே சாரா’. இசை ஜிம்மி ஃபோன்டானாவும் கார்லோ பேஸும், வரி ஃபிராங்கோ மிக்லியாச்சி. ரிக்கி எ போவெரி குழுவும் போர்ட்டோ ரிக்கோக்காரரான ஹோசே ஃபெலிசியானோவும் விழாவில் தனித்தனியே பாடினார்கள். ஃபெலிசியானோ ஸ்பானிஷில் பாடியது ‘கே செரா’. குன்றின்மேல் இருக்கும் சொந்த ஊரை விட்டுப் போகிறவன் ஊரைப் பார்த்துப் பேசும் பாட்டு. பிழைப்புக்கு ஊரை விட்டவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் எல்லைப் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இத்தாலியத்தில் ஊர், தூங்கிப்போன கிழவனைப் போலப் படுத்திருக்கிறது. ஸ்பானிஷில் செத்துக்கொண்டிருக்கும் கிழவனைப் போல. இத்தாலியத்தில் சலிப்பும் கைவிடப்பட்டதும் ஒன்றுமில்லாமையும் ஊரைப் பிடித்த நோய். ஸ்பானிஷில் துயரமும் கைவிடப்பட்டதும் ஊருக்குத் துணை. இத்தாலியத்தில் ‘உன்னை விட்டுப் போகிறேன்’ என்பதோடு சரி. ஸ்பானிஷில் ‘மகிழ்ச்சியில்லாமல் விட்டுப் போகிறேன்’. மூன்று மாற்றமும் ஒரே வகையாகத் தெரியும். அப்படியல்ல.

பின்னிரண்டும் இயைபால் வந்தவை. இத்தாலிய வரிகள் ‘மலத்தியா’, ‘வியா’ என்று ‘இயா’வில் முடிகின்றன. நோய்க்கு ஸ்பானிஷ் சொல் ‘என்ஃபெர்மெதாத்’, அது இந்த இயைபுக்கு ஒத்துவராது. ‘இயா’வில் முடிகிற சொல்லைத் தேடினால் துணை என்று பொருள்படும் ‘கொம்பான்யியா’வும் மகிழ்ச்சி என்று பொருள்படும் ‘அலெக்ரியா’வும் கையில் இருக்கின்றன. எழுதுகிறவர் அந்தப் பக்கம் போவது இயல்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. நோய் துணையானதில் ஒரு மென்மைகூட வந்திருக்கிறது.

கிழவன் செத்தது மட்டும் மெட்டின் வேலை அல்ல. இத்தாலிய வரி பதினோரு அசை. ஸ்பானிஷில் ‘தெந்தீதோ கோமோ உன் வியேஹோ’ வரை ஒன்றே. அதன்பின் ‘கே செ முவேரே’, செத்துக்கொண்டிருக்கும் என்று வருகிறது. அந்த இடத்தில் ‘அதோர்மெசீதோ’, தூங்கிப்போன என்று போட்டாலும் உயிரொலிகள் கலந்து சரியாகப் பதினோரு அசைதான் வரும். அழுத்தமும் அதே பத்தாவது அசையில் விழும். தூக்கத்தை ஒரு சிரமமும் இல்லாமல் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. தூங்குகிற ஊர் எழுந்துவிடலாம், திரும்பி வந்தால் இருக்கும். சாகிற ஊருக்குத் திரும்பி வர முடியாது. பாட்டு முழுக்கத் தன் நாளை என்ன ஆகுமோ என்று கேட்கிறவன், ஸ்பானிஷில் ஊருக்கு என்ன ஆகும் என்பதை முதல் வரிகளிலேயே முடிவு செய்துவிட்டுப் புறப்படுகிறான். இதை எழுதியவர் விரும்பியே எடுத்த முடிவாகத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு இத்தாலிய வரியே மேல் என்று தோன்றுகிறது. ஊர் தூங்கும்போது விட்டுப் போகிறவனுக்குத்தான் மனம் அதிகம் உறுத்தும்.

மெட்டு மாற்றியதா, எழுதியவர் மாற்றினாரா என்று பிரிக்க வழி இதுதான். மூலப் பொருளை அப்படியே வைத்து அதே அசைக்கணக்கில் ஒரு மாற்று வரியை அந்த மொழியில் நீங்களே கட்டிப் பாருங்கள். அகராதி இருந்தால் போதும். கட்ட முடியவில்லை என்றால் மெட்டு மாற்றியது. கட்ட முடிந்தால் எழுதியவர் மாற்றியது. வரித்திரையின் உண்மையான பயன் இந்த வேலைக்குத் தேவையான மூல வரியைத் தருவதுதான்.

லாரா பௌசினியின் ‘லா சோலிதூதினே’, 1993 சான்ரெமோவில் புதுமுகங்களுக்கான பரிசு வென்றது, அடுத்த ஆண்டு ‘லா சொலெதாத்’ ஆனது. இத்தாலியத்தில், விட்டுப் போய்விட்ட மார்க்கோ இல்லாமல் வருவது ஏழரை மணி ரயில். ஸ்பானிஷில் அது வெறும் காலை ரயில். ‘ஏழரை மணி’ என்பதை ஸ்பானிஷ் இலக்கணப்படி முழுதாகச் சொன்னால் ஓர் அசை கூடிவிடுகிறது, அதனால் மணி விழுந்தது. கூடவே தினமும் அந்த ஒரே வண்டிக்கு நிற்கிற பெண்ணின் முகமும் கொஞ்சம் விழுந்தது. தமிழில் ‘ஏழரை’ மூன்றே அசை, சுலபமாக அடங்கும். ஆனால் சோகப் பாட்டில் ‘ஏழரை’ என்று கேட்டதும் நம் ஆட்களுக்குச் சனி நினைவுக்கு வரும். ‘ஏழரை வண்டி’ என்று வண்டியை ஒட்டவைத்தே எழுதுங்கள்.

அதே பாட்டில் இன்னொன்று. இத்தாலியத்தில் ‘அவன் இல்லாத ஏழரை ரயில், ஆன்மா இல்லாத உலோக இதயம்’ என்பது இரண்டு வரிக்கு நீளும் ஒரே வாக்கியம். ஸ்பானிஷில் ரயில் அவனில்லாமல் வந்து சேர்வதோடு முதல் வரியிலேயே வாக்கியம் முடிகிறது. அடுத்த வரி புது வாக்கியமாக ‘உலோக ஆன்மா கொண்ட ஓர் இதயம் மட்டுமே’ என்று தொடங்குகிறது. அந்த இதயம் ரயிலுடையதா, போனவனுடையதா என்று இப்போது தெளிவில்லை. திரையின் தமிழ்ப் பெயர்ப்பில் இந்த வித்தியாசம் முழுக்க மறைந்துவிடும். அது வரிவரியாக மாற்றுகிறது. வினை கடைசியில் வரும் நம் மொழிக்கு வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது. பாதி வாக்கியத்தை மாற்றினால் பெயர்ச்சொல் குவியல்தான் கிடைக்கும்.

ஏரோஸ் ராமசோத்தியின் 1990 பாட்டில் ‘ஒரு பாட்டு போதுமென்றால்’ என்று இருந்தது, ஸ்பானிஷில் ‘இரண்டொரு பாட்டுகள் போதுமென்றால்’ ஆகிவிட்டது. காரணம் வரியின் ஈற்றில் இருக்கிறது. இத்தாலியத்தின் ‘கன்சோனே’ மூன்றசை, கடைசி அசை மெல்ல இறங்கும். ஸ்பானிஷின் ‘கன்சியோன்’ இரண்டசை, கடைசி அசையில் ஓங்கி நிற்கும். பன்மையாக்கி ‘கன்சியோனெஸ்’ என்றால் மறுபடி மூன்றசை, மறுபடி மென்மையான ஈறு. பாட்டு பன்மையானதற்கு இதுவே போதுமான காரணம். டிசியானோ ஃபெர்ரோவின் ‘இம்பிரனாத்தோ’, கைகால் ஓடாமல் தடுமாறுகிறவன், ஸ்பானிஷில் ‘அலுசினாதோ’, மயங்கிப்போனவன் ஆனதும் ஈற்றொலி சார்ந்த தேர்வுதான்.

ஈறு பற்றிச் சொல்லும்போது நம் பக்கத்துக்கே வந்துவிடலாம். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் அழுத்தமில்லாத உயிரில் முடியும், ஸ்பானிஷில் மெய்யில் முடிந்து ஓங்கி நிற்கும் சொற்கள் ஏராளம். மலையாளத்துக்கும் தமிழுக்கும் இடையில் இதே உறவு இருக்கிறது. மலையாளத்தில் ‘அவன் பாடி’ என்றால் வாக்கியம் முடிந்தது, பாடினான் என்று பொருள். தமிழில் ‘அவன் பாடி’ என்றால் பாடிவிட்டு என்ன செய்தான் என்று கேட்கிறவர் காத்திருப்பார். எனவே ‘பாடினான்’ என்று போட வேண்டும், ஓர் அசை கூடும், மெல்ல முடிய வேண்டிய சுரத்தில் ‘னான்’ என்று கனத்து நிற்கும். மலையாள மெட்டுக்கு எழுதிய தமிழ் வரிகள் பல முரடாகக் கேட்பதற்கு இந்த ஈறுதான் காரணம், சொல்தேர்வு அல்ல. அந்த இடத்தில் வினையை முன்னால் நகர்த்திவிட்டு, ‘நிலவிலே’, ‘மழையிலே’ என்பது போல உயிரில் இறங்கும் சொல்லை ஈற்றில் வையுங்கள்.

ஊர்ப்பெயர் வரும் பாட்டில் வரித்திரை முழுக்கக் கைவிரிக்கும். ரஃபேல்லா கர்ரா 1978-இல் பாடிய ‘தாந்தி அவுகூரி’யில், த்ரியெஸ்தேயிலிருந்து கீழே காதல் செய்வது எவ்வளவு அழகு என்று பல்லவி. ஸ்பானிஷில், நன்றாகக் காதல் செய்ய வேண்டுமானால் தெற்குக்கு வர வேண்டும் என்று ஆனது. த்ரியெஸ்தே இத்தாலியின் வடகிழக்கு எல்லை நகரம். அதிலிருந்து கீழே என்றால் நாடு முழுவதும் என்று பொருள். வாளையாருக்கு அந்தப் பக்கம் முழுக்க என்று பொள்ளாச்சிக்காரர் கேரளத்தைச் சொன்னால் எப்படியோ அப்படி. ஸ்பானிஷ் கேட்பவருக்கு அந்த ஊர் ஒன்றும் சொல்லாது, ஊரை எடுத்துவிட்டுத் திசையை வைத்தார்கள். எல்லோரையும் சேர்த்துச் சொன்ன வரி, ஓரிடத்துக்கு அழைக்கும் வரியாகிவிட்டது. திரையோ ஊர்ப்பெயரை அப்படியே எழுத்துப்பெயர்த்துவிட்டு நகரும்.

தமிழ்ப் பெயர்ப்பின் பெரிய குறை ஆண்பால் பெண்பாலிலும் மரியாதையிலும் இருக்கிறது. இயந்திரப் பெயர்ப்புகளில் பல ஆங்கிலத்தை நடுவில் வைத்து வேலை செய்பவை. இத்தாலியத்திலும் ஸ்பானிஷிலும் நெருக்கமான ‘நீ’ என்று தெளிவாக இருப்பது நடுவில் தேய்ந்து, தமிழில் காதலியைப் பார்த்து ‘நான் உங்களை நேசிக்கிறேன்’ என்று வந்து நிற்கும். பொச்செல்லி ஜியோர்ஜியாவோடு 1995-இல் பாடிய ‘வீவோ பேர் லெய்’, ஸ்பானிஷில் மார்த்தா சான்செஸோடு பாடிய ‘வீவோ போர் எல்லியா’, இரண்டையும் திரை ‘அவளுக்காக வாழ்கிறேன்’ என்றுதான் மாற்றும். அந்த ‘அவள்’ பெண் அல்ல, இசை. இரு மொழியிலும் இசை பெண்பாற்சொல் என்பதால் பெயர்ச்சொல் இல்லாமலே ரகசியம் காக்க முடிகிறது, ஸ்பானிஷுக்கு அந்த ரகசியம் இலவசமாகவே கிடைத்தது. தமிழில் இசை ‘அது’. ‘அதற்காக வாழ்கிறேன்’ என்றால் உயிர் போய்விடும். இசையைக் கலைமகளாக நினைக்கப் பழகிய நமக்கு ‘அவள்’ என்றே எழுதலாம், ஆனால் சுரம், பியானோ போன்ற குறிப்பை எங்காவது ஒரு வரியில் விட்டுவைக்க வேண்டும். இத்தாலிய வரிகளில் அந்தக் குறிப்புகள் இருக்கின்றன.

எல்லைப் பக்கத்தவர்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. மாற்று மொழியை மலையாளத்துக்கு வைத்து ஒரு முறை, தமிழுக்கு வைத்து ஒரு முறை பாருங்கள். பௌசினியின் ‘நோன் சே’, இங்கே இல்லை என்று பொருள், ஸ்பானிஷில் ‘செ ஃபுவே’, போய்விட்டது என்று ஆனது. இரண்டும் இரண்டசை, அழுத்தம் இரண்டிலும் கடைசியில். இல்லாத நிலையைச் சொன்ன பாட்டு, நடந்த பிரிவைச் சொல்லும் பாட்டானது. ‘செ ஃபுவே’யில் போனது அவனா அவளா என்று வினை சொல்வதில்லை. மலையாளத்தின் ‘போயி’யும் சொல்வதில்லை, அப்படியே பொருந்தும். தமிழ்த் திரை ‘போனான்’ என்றோ ‘போனாள்’ என்றோ ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும், ஒரே பாட்டில் வரிக்கு வரி மாற்றித் தேர்வதும் உண்டு. நாமே எழுதினால் ‘போயாச்சு’ இருக்கிறது: பால் காட்டாது, பேச்சிலும் இயல்பு.

சினிமா டப்பிங் வரி எழுதுகிறவர்கள் இந்தச் சோடிகளிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியாது. இவை ஒலிப்பதிவுக்காகவே இரண்டாம் முறை பாடப்பட்டவை, படத்தில் ஏற்கெனவே அசைந்துவிட்ட உதடு இவற்றுக்குக் கிடையாது. ‘பம்பாய்’ படத்தின் ‘உயிரே’ இந்தியில் ‘தூ ஹீ ரே’, தெலுங்கில் ‘உரிகே சிலகா’, அதாவது ஓடும் கிளியே, என்று ஆனபோது பொருளைவிட வாய்தான் முன்னால் நின்றது. மூன்றிலும் முதல் மூன்று அசை அதே ‘ஏ’யில் முடிகிறது, தெலுங்கில் ‘உரிகே’ வரை. உதட்டுக்கு எழுதும்போது கடைசி உயிரைக் காப்பாற்றிய பிறகுதான் பொருளுக்கு முறை வரும். ‘பார்திரோ’வின் ‘ஓ’ ‘வோலாரே’யின் ‘ஏ’ ஆனது போன்ற சுதந்திரம் அங்கே இல்லை.

ஆப்பை வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில. ஸ்பானிஷ் பதிவில் இத்தாலிய வரியே ஓடுகிறதா என்று முதல் வரியிலேயே சரிபாருங்கள், சில பாட்டுகளில் வரிக்கோப்பு மாறிக் கிடக்கும். வரி முந்தியோ பிந்தியோ ஓடினால் பல்லவி இரண்டாம் முறை வரும் இடத்திலிருந்து கேளுங்கள், அங்கே சரியாகிறதா என்று பாருங்கள். பின்னணிக் குரலின் வரிகளை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் அவற்றை அசைக்கணக்கில் சேர்க்காதீர்கள். இலவசக் கணக்கில் வரித்திரைக்கு வரம்பு வைக்கும் ஆப்களும் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய சோடிகளை முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டி, வரிகளை நோட்டில் எழுதியெடுத்துக்கொண்டு நிறுத்திவிடலாம். தமிழ்ப் பெயர்ப்புக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் கட்ட வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு ஸ்பானிஷ் அகராதி வாங்குங்கள்.